மேண்டில் தந்த வெள்ளொளி

பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் ஊறியிருந்தது தோரியம் நைட்ரேட் என்னும் உப்பு. முதன்முறை கொளுத்தியதும் நூல் எரிந்துபோகும். உப்போ ஆக்சைடாக மாறி, வலைவடிவிலேயே எஞ்சி நின்று ஒளிரும். தனித் தோரியம் மங்கலாகவே ஒளிரும். நூற்றுக்கு ஒரு பங்கு சீரியம் கலந்து, 1891-இல் வெள்ளொளி கண்டவர் ஆஸ்திரியராகிய ஆவர் வான் வெல்ஸ்பாக்.

1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் தரும் மோனசைட்டைக் கண்டார். பின்னர் மணவாளக்குறிச்சி மணல் கப்பலேறிற்று. கயிற்றை உதறி விற்றிருந்தால்!

தோரியம் கதிர்வீசுவது 1898-லேயே தெரியும். ஆயினும் சிறுவயதில் உதிர்ந்த மேண்டிலின் சாம்பலை வாயால் ஊதித் தள்ளுவோம். அத்தூளை உள்ளிழுத்தலாகாது என எவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. ஆசிரியனான பின், என் மாணவர்க்கு நானும் சொன்னதில்லை.