இரண்டே கால் சென்டிமீட்டர் மனிதர்கள்

பாம்பன் பாலத்தை வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா என்று ஒருநாள் ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய ரயில் பாலத்தின் நீளம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். 1/72 அளவில் செய்தால் கிட்டத்தட்ட 29 மீட்டர் வரும். ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் தொடங்கினால் தெருமுனை டீக்கடையில் போய் முடியும். சரி, பாலம் வேண்டாம், தனுஷ்கோடியைச் செய்வோம் என்று முடிவு செய்தேன். வருடம் 2164. இடிந்த தேவாலயம், இடிந்த ரயில் நிலையம், நடுவில் இரண்டு ரோபோ படைகள் மோதிக்கொள்கின்றன. என் வாழ்க்கையின் முதல் டயோரமா.

டயோரமா என்றால் ஏதோ வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். நவராத்திரி கொலுவில் படிகளுக்குப் பக்கத்தில் மணலைக் கொட்டி, கடுகு தூவி முளைக்க வைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி 'பார்க்' கட்டியிருப்பீர்கள். அதேதான். ஸ்கேல் மாடல்காரர்கள் அதில் ஒரேயொரு விதியைச் சேர்க்கிறார்கள்: எல்லாமே ஒரே அளவில் இருக்க வேண்டும். கொலு பார்க்கில் யானையைவிடப் பெரிய வாத்து இருக்கலாம். இங்கே கூடாது.

நான் எடுத்த அளவு 1/72. அதாவது நிஜத்தில் ஆறு அடி, மேஜையில் ஒரு அங்குலம். கிட்டுகள் சின்னதாக இருக்கும், விலையும் கொஞ்சம் குறைவு. டாங்கி செய்கிறவர்கள் அதிகம் எடுப்பது 1/35. அதற்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா கம்பெனி மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தது. உள்ளே பேட்டரி அடங்குகிற மாதிரி உடம்பின் அளவை வைத்தார்கள், பிறகு கணக்குப் பார்த்தபோது 1/35 வந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க அதுதான் தரநிலை. சாஃப்ட்வேர் வேலை பார்க்கிற யாருக்கும் இந்தக் கதை புதிதல்ல. எவரோ அவசரத்துக்கு எழுதிய ஒரு எண், முப்பது வருடம் கழித்துப் பார்த்தால் விதியாகி நிற்கும்.

*

பொம்மைப் போருக்கும் அறிவியல் புனைவுக்கும் உள்ள உறவு பழையது. 1898இல் செவ்வாய்க்காரர்களை இங்கிலாந்தில் இறக்கிய எச்.ஜி. வெல்ஸ்தான், 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டார். தகரச் சிப்பாய்களையும் ஸ்பிரிங் பீரங்கியையும் வைத்து வீட்டுத் தரையில் போர் விளையாடுவதற்கான விதிகள். நிஜப் போரை விட இந்தப் போர் எவ்வளவோ மேல் என்பதுதான் புத்தகத்தின் முடிவில் அவர் வைக்கும் வாதம்.

அடுத்த வருடமே நிஜப் போர் வந்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தார்கள். சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று வழி உண்டானது. அதே செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மானியக் கப்பல் எம்டன், சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் சொல்கிறோம். ஒரு போர்க்கப்பல் நம் மொழியில் ஒரு குணமாகச் சுருங்கி உட்கார்ந்துவிட்டது. அதுவும் ஒருவகை ஸ்கேல் மாடல்தான்.

போர் டயோரமா வரலாற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் வில்லியம் சைபார்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1830இல் வாட்டர்லூ போரை மாடலாகச் செய்ய இறங்கினார். போர்க்களத்துப் பண்ணை வீட்டிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்: சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் படை எங்கே நின்றது? டயோரமாவில் நேரம் ஓடாது. ஒரு கணத்தைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். அவர் தேர்ந்தது அந்த ஏழு மணி.

அங்கேதான் சிக்கல். ஏழு மணிக்குக் களத்தில் பிரஷ்யப் படையும் இருந்தது. அப்படியே காட்டினால் வெற்றியில் பங்கு அவர்களுக்கும் போகும். வெலிங்டனுக்கும் அவரைச் சேர்ந்தவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. அரசுப் பணம் ஏற்கெனவே நின்றிருந்தது. 1838இல் 70,000க்கும் அதிகமான பொம்மைகளோடு மாடல் லண்டனில் காட்சிக்கு வந்தது. பிற்பாடு, எதிர்ப்பு தாங்காமல், பிரஷ்யப் பொம்மைகளில் நிறைய பேரை சைபார்ன் எடுத்துவிட்டார். மாடல் இன்றும் லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இடுக்கியால் ஆயிரக்கணக்கான ஆட்களை வரலாற்றிலிருந்து எடுக்க முடியும் என்பதற்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு, அது எங்கள் ஊர்க்காரருடையது. 1960களில் பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்ஸ் தீவுக்குப் போன அப்துல் கலாம், நாசா கட்டடத்தின் வரவேற்பறையில் ஒரு போர் ஓவியத்தைப் பார்த்ததாக 'அக்னிச் சிறகுகள்' நூலில் சொல்கிறார். ராக்கெட்டுகள் பறக்கின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் ராக்கெட் விடுகிறவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை. திப்பு சுல்தானின் படை. அந்த வழியாக எத்தனையோ பேர் போய் வந்திருப்பார்கள். படத்தில் இருக்கும் ஆட்கள் யார் என்று பார்க்க ராமேஸ்வரத்திலிருந்து ஒருத்தர் போக வேண்டியிருந்தது.

ராமநாதபுரத்திலேயே போர்க் காட்சிக்குப் பஞ்சமில்லை. அரண்மனை ராமலிங்க விலாசத்தின் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. சேதுபதிக்கும் தஞ்சை மராத்திய மன்னர் சரபோஜிக்கும் நடந்த போர் அதில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் இருந்து எங்களைக் கூட்டிப் போனார்கள். அப்போது எனக்குப் பிடித்தது உள்ளே இருந்த குளிர்ச்சி மட்டும்தான். இந்த டயோரமாவுக்காகப் போன மாதம் திரும்பவும் போய் நின்றேன். சுவரில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். காலி இடமே இல்லை.

*

என் ரோபோக்களுக்கு வருகிறேன். அறிவியல் புனைவு மாடலில் ஒரு ரகசியம் உண்டு: எதிர்காலம் எல்லாம் பழைய போரின் உதிரிபாகம். 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு விண்கலம் செய்தவர்கள், கடையில் விற்ற டாங்கி, விமான, கப்பல் கிட்டுகளை வாங்கி, பாகங்களைப் பிரித்து ஒட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் டாங்கியின் எஞ்சின் மூடி, விண்கலத்தின் முதுகில் போய் உட்கார்ந்தது. இதற்குப் பெயர் கிட்பேஷிங். 1982இல் ஜப்பானில் கோவ் யோகோயாமா, 'ஹாபி ஜப்பான்' பத்திரிகைக்காக இதே முறையில் போர்க் கவசங்கள் செய்தார். கிட் பாகங்களோடு பிங்பாங் பந்தும் சேர்ந்தது.

நானும் அதையே செய்தேன். இரண்டு பழைய டாங்கி கிட், ஒரு ஹெலிகாப்டர், தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனாக்கள், ஒரு கெட்டுப்போன மவுஸ். மொத்தம் பன்னிரண்டு ரோபோ. முதலில் சாம்பல் நிற ப்ரைமர், அதன்மேல் நிறம், பிறகு தண்ணியாகக் கரைத்த கறுப்பை ஊற்றித் துடைத்தால் இடுக்குகளில் மட்டும் அழுக்கு தங்கும். துருவுக்குப் பழுப்பும் ஆரஞ்சும். துரு எப்படி இருக்கும் என்று நெட்டில் தேட வேண்டியதில்லை. எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் எந்த கேட்டைப் பார்த்தாலும் போதும்.

தேவாலயச் சுவருக்குத் தெர்மகோல். அவசரத்தில் நேரடியாக ஸ்ப்ரே பெயின்ட் அடித்துவிட்டேன். அதிலுள்ள கரைப்பான் தெர்மகோலைத் தின்னும் என்று இன்ஜினியரிங் படித்தவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சுவர் என் கண்முன்னே குழி குழியாக உருகியது. தலையில் கை வைத்து உட்கார்ந்த பிறகு உற்றுப் பார்த்தேன். அசல் முருகைக்கல்! தனுஷ்கோடி தேவாலயம் கடலில் எடுத்த அந்த முருகைக்கல்லில் கட்டியதுதான். மீதிச் சுவர்களுக்கும் வேண்டுமென்றே ஸ்ப்ரே அடித்தேன்.

தனுஷ்கோடி மணலையே கொண்டுவந்து போடலாம் என்று பார்த்தால் ஒத்துவரவில்லை. அரை மில்லிமீட்டர் மணல் 1/72இல் மூன்றரை சென்டிமீட்டர் ஜல்லி. சல்லடையில் சலித்து, தூள் மட்டும் எடுத்து ஒட்டினேன். மூன்று மாத வார இறுதிகள். மேஜையில் ஒரு செத்த ஊர், அழகாக நின்றது.

எண்பதைத் தாண்டிய எங்கள் அப்பத்தா ஒருநாள் தடியை ஊன்றிக்கொண்டு அறைக்குள் வந்தது.

"என்னப்பு இது?"

"தனுஷ்கோடி அப்பத்தா. இன்னும் நூத்தி நாப்பது வருசம் கழிச்சு. ரோபோ சண்டை."

கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தது.

"இதுல ஆளு எங்க?"

"ஆளு கிடையாது. எல்லாம் அழிஞ்ச பிறகு நடக்குற கதை."

"அழிஞ்சது தெரியும்ப்பு. அங்கின ஆளு இருந்துச்சே, அதக் கேட்டேன்."

*

அப்பத்தாவின் அண்ணன் தனுஷ்கோடியில் கருவாட்டுக் கடை வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியுமென்றால், வீட்டில் யாரும் பேசாத விஷயங்கள் நமக்குத் தெரிகிற மாதிரி. அன்றைக்குத்தான் அப்பத்தா சொல்லிக் கேட்டேன். ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் கடை. தகரக் கூரை. பலகைகளை ஒவ்வொன்றாகச் சொருகிக் கடை அடைப்பார். கப்பலுக்குப் போகிறவர்கள் பெட்டியோடு நிற்பார்கள். அப்பத்தா சின்னப் பிள்ளையாகப் போனபோது கடைசிப் பலகையைச் சொருகும் வேலை அதற்குத்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயலுக்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

அன்று ராத்திரி பாம்பனிலிருந்து கிளம்பிய 653ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடியை நெருங்கும் இடத்தில் அலையில் போனது. அரசுக் கணக்கில் ரயிலில் இருந்தவர்கள் 115 பேர். டிக்கெட் வாங்காமல் ஏறியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. அலை சுமார் 7 மீட்டர் எழுந்ததாகச் சொல்வார்கள். பிறகு அரசு அந்த ஊரை மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிவித்தது. இடிபாடுகள் நின்றன. அறுபது வருடம் கழித்து நாம் அங்கே போய் போட்டோ எடுக்கிறோம். நான் அதை 'போஸ்ட் அபோகலிப்டிக்' என்று என் கோப்புக்குப் பெயர் வைத்திருந்தேன்.

சைபார்னையாவது கட்டாயப்படுத்தினார்கள். என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நான் முதலிலேயே ஒருத்தரையும் வைக்கவில்லை.

அதே புயலில் பாம்பன் பாலத்தின் 126 கர்டர்கள் கடலுக்குள் போயின. நடுவில் கப்பலுக்காகத் திறக்கும் ஷெர்சர் பகுதி தப்பியது. சரிசெய்யும் பொறுப்பை ஏற்ற இ. ஸ்ரீதரனுக்கு அப்போது 32 வயது, ஏறக்குறைய என் வயது. ஆறு மாதம் என்று குறித்த வேலை. கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, தூக்கி மாட்டி, 46 நாளில் பாலத்தில் ரயிலை ஓடவிட்டார்கள். இந்தக் கரையில் நடந்த போர் என்று ஒன்றைச் சொன்னால், எனக்கு இப்போது நினைவு வருவது இதுதான்.

டயோரமாவைப் பிரித்தேன். வருடம் அதே 2164தான், புயலும் வருகிறது. ஆனால் ஊர் சாகவில்லை. பன்னிரண்டு ரோபோக்களில் ஆறு மட்டும் மிஞ்சின. எதிரிப் படைக்கு இடமில்லை, அங்கே அலை வந்துவிட்டது. 7 மீட்டர் அலை 1/72இல் 9.7 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் தாளை வளைத்து, பசை தோய்த்த டிஷ்யூ ஒட்டி, நுரைக்குப் பஞ்சு வைத்தேன். ரோபோக்களின் துப்பாக்கியை வெட்டிக் கொக்கி மாட்டினேன், கர்டரைப் பிடித்து நிற்கின்றன. மீட்டர் கேஜ் தண்டவாளம் பதினான்கு மில்லிமீட்டர் அகலம். அதன் ஓரமாகப் பெட்டியோடு, பிள்ளையோடு, ஆட்டோடு ஆட்கள் போகிறார்கள். ஒவ்வொருவரும் இரண்டே கால் சென்டிமீட்டர். இதுவரை 41 பேர். அலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அந்த ராத்திரியின் அளவு எனக்குக் கையில் தெரிந்தது. நாலு ஆள் உயரம்.

போன ஞாயிறு கருவாட்டுக் கடையை வைத்தேன். சிகரெட் பெட்டித் தகடு கூரை, ஐஸ்க்ரீம் குச்சியைச் சீவிப் பலகைகள். அப்பத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தது.

"கடை இந்தப் பக்கம் இல்லப்பு. ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம்."

முன்னால் வேறு மாதிரி சொன்னதே என்று நான் எதிர்த்துப் பேசவில்லை. பெவிகால் இன்னும் காயவில்லை. எடுத்து அந்தப் பக்கம் வைத்தேன். கடைசிப் பலகையை மட்டும் ஒட்டாமல் அதன் கையில் கொடுத்தேன்.