இடித்தவர்களும் குளம் வெட்டியவளும்

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மாலை வேளையில் பாரதி பூங்காவில் சற்று நேரமாவது உட்காராமல் திரும்புவதில்லை. வேர்க்கடலையைக் கொறித்தபடி நடுவிலுள்ள வெள்ளை மண்டபத்தை ஒரு முறை பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். இத்தனை நேரமும் ஒரு கோட்டையின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்தோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஐந்து கொத்தளங்களுடன் லூயி கோட்டையை எழுப்பினார்கள். அதனுள்ளே கவர்னரின் மாளிகை. 1752-இல் அது கட்டி முடிந்தபோது கவர்னர் துய்ப்ளெக்ஸ். நவாபுகளை ஏற்றவும் இறக்கவும் வல்லவராயிருந்தார் அந்த மனிதர். அவருடைய துபாஷியான ஆனந்தரங்கப் பிள்ளை, வந்தவர் யார், போனவர் யார், பேச்சு என்ன, பேரம் என்ன என்று நாள்தோறும் எழுதி வைத்தார்.

1758-இல் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்து ஆங்கிலேயர் கோட்டையைப் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளினார். ஆங்கிலேயர்கள் அதை மறக்கவில்லை. நீண்ட முற்றுகைக்குப் பிறகு 1761 ஜனவரி 16-ஆம் தேதி, பட்டினியால் துவண்ட புதுச்சேரி அவர்களிடம் சரணடைந்தது. கோட்டையும் மாளிகையும் தரைமட்டமாயின. மாளிகைக்கு வயது ஒன்பதுதான்! அதற்கு நான்கு நாள் முன்னதாகவே பிள்ளை கண்ணை மூடிவிட்டார். அந்தக் காட்சியை எழுத வேண்டிய துர்ப்பாக்கியம் அவருக்கு வாய்க்கவில்லை.

கடற்கரைக்குப் போனால் காந்தி சிலையைச் சுற்றிலும் வேலைப்பாடமைந்த கல் தூண்கள் நிற்கின்றன. 1750-இல் செஞ்சியைப் பிரெஞ்சுப் படை பிடித்த பிறகு அங்கிருந்து வந்தவை என்பார்கள். கொண்டு வந்தவர்கள் போய்விட்டார்கள், தூண்கள் இருக்கின்றன.

இத்தகைய தூண்களைச் சீனத் தலைநகரிலும் காணலாம். அங்கே பீக்கிங் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒரு காலத்தில் பிரபுக்களின் நந்தவனம். அதன் ஒரு பகுதியை ஆண்டு அனுபவித்த ஹெஷன் என்ற மந்திரி, 1799-இல் புதிய சக்கரவர்த்தியின் கட்டளைப்படி தூக்கிட்டு மாண்டார். ஏரிக் கரையில் அவருடைய கல் படகு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அருகிலிருந்த அரச நந்தவனமான யுவான்மிங்யுவானை 1860-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்தே கொள்ளையடித்தார்கள். பிறகு எல்ஜின் பிரபுவின் உத்தரவுப்படி ஆங்கிலப் படை தீ வைத்தது. நாகம் செதுக்கிய அதன் சலவைக்கல் தூண்கள் இரண்டு, இன்று மாணவர்கள் நடமாடும் அந்த வளாகத்தில் நிற்கின்றன. புதுச்சேரியில் ஒருவரையொருவர் இடித்தவர்கள், சீனத்தில் கைகோத்துக்கொண்டார்கள். வேடிக்கைதான்!

அந்தப் பிரெஞ்சுப் படையை அனுப்பியவர் மூன்றாம் நெப்போலியன். நம் பூங்காவின் வெள்ளை மண்டபமும் அவர் காலத்ததே. ஆனால் மண்டபத்தின் பெயர் அவருடையதன்று, ஆயி மண்டபம்.

யார் இந்த ஆயி? பழங்கதை ஒன்று சொல்வார்கள். விஜயநகரத்துக் கிருஷ்ணதேவராயர் இவ்வழியே வந்தபோது, விளக்கொளியில் ஒரு மாளிகையைக் கண்டு கோயிலென்று நினைத்துக் கும்பிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்றறிந்ததும் கோபம் மூண்டது. "இடியுங்கள்!" என்றார். "நானே இடித்துவிடுகிறேன், பிரபோ! அந்த இடத்தில் ஜனங்களுக்கு ஒரு குளம் வெட்ட அனுமதி தாருங்கள்" என்று வேண்டினாள் ஆயி. பிற்காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் நல்ல தண்ணீருக்குத் தவித்தபோது, முத்திரையர்பாளையத்திலிருந்துதான் நகரத்துக்கு நீர் வந்தது. அதன் நினைவாக எழுந்ததே இந்த மண்டபம்.

கதை எவ்வளவு மெய்யோ, அதை விவாதிப்பவர்கள் விவாதிக்கட்டும். லாலி இடித்தது பகைக்காக. ஆங்கிலேயர் இடித்தது பழிக்காக. எல்ஜின் எரித்தது தண்டனைக்காக. தன் வீட்டைத் தன் கையாலேயே இடித்து, பிறர் தாகம் தீர்த்தவள் ஆயி ஒருத்திதான். புதுச்சேரி அரசின் சின்னத்தில் துய்ப்ளெக்ஸின் மாளிகை இல்லை. அவளுடைய மண்டபம் இருக்கிறது.