வேப்பிலையும் தகரமும்

கீழ்பென்னாத்தூரை உள்ளிட்ட வடதமிழகத்து ஊர்களில் பெரியம்மை கண்ட வீட்டைப் பழிப்பது மரபன்று. ‘அம்மை போட்டிருக்கிறது’ என்பதே சொல். வாசலில் செருகிய வேப்பிலை அயலாரை விலக்கிற்று. மாரியம்மனின் வருகை என்ற எண்ணமோ நோயாளியைக் காத்தது. தலைக்குத் தண்ணீர் வார்த்ததும் விலக்கு நீங்கிற்று. அந்நம்பிக்கை தடுப்பூசிக்குத் தடையானதும் உண்டு. 1980இல் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததென அறிவித்தது.

2020இல் கொரோனா பரவியபோது, சென்னையில் நோயுற்றோர் வீடுகளைத் தகரம் மறைத்தது. கோயம்பேடு சந்தையிலிருந்து வட மாவட்டங்களுக்குத் திரும்பியோரை ஐயம் சூழ்ந்தது. ஏப்ரலில், தொற்றால் இறந்த மருத்துவரின் உடலடக்கத்தையே சென்னையில் ஒரு கும்பல் தாக்கித் தடுத்தது. இத்தகைய செயலுக்குத் தண்டனை விதிக்க அரசு அவசரச் சட்டம் இயற்ற நேர்ந்தது.

விலக்கு இரு காலத்தும் இருந்தது. விலக்கப்பட்டவரை மீண்டும் ஊருக்குள் அழைக்கும் சடங்கு முன்னதில் இருந்தது, பின்னதில் இல்லை.