மூடிய சிப்பியும் புரத வடிவக் கணிப்பும்

மன்னார்க் கரையிலுள்ள அரிப்பு, சிலாவத்துறை ஆகிய இடங்களில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில், கரைசேர்ந்த சிப்பிகள் திறக்கப்படாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டன. உள்ளே யாதுளது என்பதை அறியாமலே வணிகர் விலை கூறினர். குளிப்பை அறிவிக்குமுன் அரசினரும் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றிற் கிடைத்த முத்துகளை மதிப்பிட்டுப் பாரின் வளத்தைக் கணித்தனர். 1902ஆம் ஆண்டில் இங்கு வந்த பேராசிரியர் ஏர்ட்மனும் அவர்தம் துணைவர் ஓர்னெலும் விலங்கியல் அறிவுகொண்டு பார்களை ஆராய்ந்தனர். 1905ஆம் ஆண்டுக் குளிப்புப் பெருவருவாய் தந்தது. மறு ஆண்டிலேயே ஒரு கம்பனி அப்பார்களை 20 ஆண்டுக்குக் குத்தகையாகப் பெற்றது. 1907ஆம் ஆண்டுக்குப் பின் பார்கள் பொய்த்தன, கம்பனியும் கலைந்தது. கணிப்பின் தகுதி கணித்தவரின் துணிவால் அறியப்படுவதன்று, சிப்பி திறக்கப்படும்போதே அறியப்படுவது என்னும் உண்மையை மன்னார் இவ்வாறு உணர்த்திற்று.

இருபதாம் நூற்றாண்டின் உயிரியலாரும் இத்தகைய மூடிய சிப்பி ஒன்றைக் கையிலேந்தி நின்றனர். அதுவே புரதம். இருபது வகை அமினோ அமிலங்கள் மணிகள்போலக் கோக்கப்பட்ட நீண்ட தொடர் புரதம் எனப்படும். அத்தொடர் மடிந்துகொள்ளும் வடிவமே அதன் தொழிலை வரையறுக்கும். குலைக்கப்பட்ட நொதியம் ஒன்று தானாகவே தன் பழைய வடிவத்தை எய்துவதைக் காட்டி, வடிவத்துக்கு வேண்டிய செய்தி தொடரின் ஒழுங்கிலேயே அடங்கியுள்ளது என அமெரிக்க அறிஞர் அன்பின்சன் நிறுவினார். அதன்பொருட்டு 1972இல் நோபல் பரிசும் பெற்றார். அங்ஙனமாயின், ஒழுங்கினை அறிந்த அளவிலே வடிவத்தைக் கணித்தல் கூடும். ஆயினும், கணித்த வடிவம் மெய்யோ பொய்யோ என்று துணிவது எங்ஙனம்?

இவ்வினாவுக்கான முதல் அளவுகோல் நமக்கு அண்மையிலுள்ள சென்னையிலே தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகப் பௌதிகப் பேராசிரியர் கோ. நா. இராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து, தோலிலும் எலும்பிலும் நிறைந்துள்ள கொலாசன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்குண்ட வடிவினது என்று 1954இல் வெளியிட்டார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கிரிக்கும் அவருடன் ஆராய்ந்த ரிச்சும் மூவிழை என்னும் கருத்தை ஏற்றனரேனும், சென்னையார் அமைத்த வடிவிற் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று குறை கூறினர்.

அக்குறையை இராமச்சந்திரன் வெறும் வாதத்தால் மறுக்க முற்படவில்லை. இரு அணுக்கள் எத்துணை நெருங்கலாம் என்பதையே ஆராயத் தலைப்பட்டார். அதுவரை அறியப்பட்ட படிகங்களின் அளவுகளைத் திரட்டி, சசிசேகரன், இராமகிருஷ்ணன் ஆகியோருடன் கணக்கிட்டார். புரதத் தொடரின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு சுழற்சிக் கோணங்கள் உள. அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் அக்கோணங்கள் எவ்வெவ் அளவுகளைக் கொள்ளலாம் என்பதை ஒரு படத்தில் அவர்கள் வரைந்து 1963இல் வெளியிட்டனர். இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் வரைபடம் என வழங்குவது இதுவே. தம் கருத்தின்மேல் எழுந்த கண்டனத்தையே பிறர் அனைவரின் கருத்தையும் அளக்கும் கோலாக மாற்றியது சென்னையாரின் பெருமையாகும்.

எனினும் அக்கோலுக்கும் ஓர் எல்லை உண்டு. நடவாததை அது நடவாதது எனக் காட்டும். நடக்கக்கூடியவற்றுள் நடந்தது எது என்பதைக் காட்டாது. வரைபடத்துக்கு முற்றும் இயைந்த ஒரு வடிவமும் பிழையாகலாம். ஆதலின் இரண்டாவது அளவுகோல் ஒன்று வேண்டப்பட்டது.

ஜோன் மோல்ற் முதலியோர் 1994இல் தொடங்கிய காஸ்ப் என்னும் தேர்வே அவ்வளவுகோல். ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்டும் வெளியிடப்படாத, அல்லது விரைவிற் கண்டறியப்படவுள்ள புரதங்களின் தொடர் ஒழுங்கு மாத்திரம் கணிப்போருக்குத் தரப்படும். அவர்கள் வடிவத்தைக் கணித்து ஒப்படைத்த பின்னரே மெய் வடிவத்தோடு அது ஒப்பிடப்படும். விடையை அறிந்தபின் கணக்கைத் திருத்துவோருக்கு இங்கு இடமில்லை. ஈராண்டுக்கொருமுறை நடைபெறும் இத்தேர்வில் மதிப்பெண் 0 முதல் 100 வரை. 90 அளவைத் தொட்ட கணிப்பு ஆய்வுகூட முடிவோடு ஒப்பவைக்கத் தக்கது என்பர். நெடுங்காலம் கடினமான புரதங்களிற் கணிப்புகள் இதற்கு மிகத் தாழ்ந்தே நின்றன. 2020ஆம் ஆண்டுத் தேர்விலோ, அல்பாபோல்ட் என்னும் கணினிமுறை 92.4 என்னும் இடைநிலை மதிப்பெண் பெற்றது. அதனை ஆக்கிய ஹசாபிஸ், ஜம்பர் ஆகிய இருவரும் 2024இல் இரசாயன நோபல் பரிசில் ஒரு பாதியைப் பெற்றனர்.

இவ்வெற்றியினும் சிறப்புடையது ஒன்று உண்டு. அம்முறை வடிவத்தைச் சொல்வதோடு, ஒவ்வொரு கணுவிலும் தன் சொல்லைத் தானே எவ்வளவு நம்புகின்றது என்பதையும் எண்ணாற் குறிக்கின்றது. இதனை மூன்றாவது அளவுகோல் எனலாம். 90க்கு மேற்பட்டது உறுதியானது. 50க்குக் குறைந்தது வடிவமென்று கொள்ளத் தகாதது. கணினி கணித்த வடிவங்கள் 20 கோடிக்கு மேற்பட்டு வெளியாகியுள்ளன. ஆய்வுகூடத்திற் கண்டறியப்பட்டவை சில இலட்சத்தைத் தாண்டவில்லை. ஆகவே பெரும்பாலானவற்றைத் திறந்து பார்த்தோர் எவருமிலர். அவற்றை எடுத்தாள்வோர் இந்நம்பிக்கை எண்ணை நோக்காது படத்தின் அழகை மாத்திரம் நோக்குவாராயின், பாரின் ஒரு பருவ வளத்தைக் கண்டு இருபதாண்டுக் குத்தகை எடுத்த கம்பனியின் நிலையையே எய்துவர்.

முத்துச்சிப்பியே இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மன்னார்ச் சிப்பிக்கு வழங்கும் பிங்டாடா பூக்காத்தா என்னும் பெயரையே உடைய சிப்பியிலிருந்து, ஓடு உருவாவதிற் பங்குகொள்ளும் நாக்கிரீன் என்ற புரதத்தைச் சப்பானிய அறிஞர் 1996இல் அறிவித்தனர். அதன் ஒரு பகுதி பல உயிர்களிற் காணப்படும் நொதியமொன்றை ஒத்தது. மற்றொரு பகுதி ஒரே சில அமிலங்கள் மீண்டும் மீண்டும் வருவது. முன்னையது போன்ற, உறவுடைய வடிவங்கள் முன்பே அறியப்பட்ட பகுதிகளிற் கணிப்பு பெரும்பாலும் உறுதியாய் நிற்கும். பின்னையது போன்ற பகுதிகளிலேயே அது பெரிதும் தளரும்.

தளருமிடத்தைத் தளருமிடம் என்றே கூறுவது கணிப்புக்கு இழுக்கன்று. அதுவே அதன் நேர்மை. அவ்விடத்திற் சிப்பியைத் திறந்து பார்க்கும் பணி ஆய்வுகூடத்தாருக்கு இன்னும் எஞ்சியுள்ளது.