டைம் ஷீட்டும் சம்பளக் கவரும்: நடுவுல இருந்த ஆள் எங்கே?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆனா போதும், "இந்த வார டைம் ஷீட்டை இன்னும் நிரப்பவில்லை"ன்னு ஒரு மெயில் வந்து நிக்கும். பொட்டி தட்டுற நம்ம எல்லோருக்கும் பழகின மெயில்தான். திங்கள் எட்டு, செவ்வாய் எட்டுன்னு கண்ணை மூடிக்கிட்டு அடிச்சு விட்டுட்டு பஸ் பிடிக்க ஓடுவோம். அந்த எட்டு அதுக்கப்புறம் எங்கே போகுது, யாரை என்ன பண்ணுதுன்னு நானும் ரொம்ப நாள் யோசிச்சதில்லை. யோசிக்க வெச்சது ஒரு மில்.

நாலு வருஷம் முன்னாடி கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலைக்கு ஒரு சின்ன ஆணி வந்தது. வாசல்ல கைரேகை வைக்கிற மெஷின் இருக்கு, ஆபீசுல சம்பள மென்பொருள் இருக்கு, ரெண்டையும் இணைக்கணும். அவ்வளவுதான். இந்தப் பக்கத்து டேபிளை அந்தப் பக்கம் தள்ளுறதுதானே, ரெண்டு வாரத்துல முடிச்சுடலாம்னு டேமேஜர்கிட்ட நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். முடிச்சும் கொடுத்தேன்.

முதல் சம்பள நாள் அன்னிக்கு மில்லுக்குப் போயிருந்தேன். டைம் ஆபீஸ் வாசல்ல ஒரு பெரியவர் சம்பளச் சீட்டோட நின்னார். "தம்பி, நானு ஒரு நா கூட மட்டம் போடலீங்க. பன்னெண்டு நா சம்பளம் புடிச்சிருக்குதுங்களே?"ன்னார்.

அவர் பார்த்தது ராத்திரி ஷிஃப்ட். பத்து மணிக்கு உள்ளே, காலைல ஆறு மணிக்கு வெளியே. என் நிரல் தேதி வாரியா கூட்டிச்சு. ஒரு தேதியில உள்ளே வந்த நேரம் மட்டும் இருக்கு, அடுத்த தேதியில வெளியே போன நேரம் மட்டும் இருக்கு. ரெண்டும் ஜோடி சேராததால ஆப்சென்ட்!

அங்கே முப்பது வருஷமா டைம் கீப்பரா இருந்தவர் மஸ்டர் ரோலைப் பிரிச்சுக் காட்டினார். "ராத்திரி ஷிஃப்ட்டுக்கு முந்தின நா கணக்குதானுங்க தம்பி." இதை ஏன் முன்னாடியே சொல்லலைன்னு கேட்டேன். "நீங்க ஒண்ணும் கேக்கலீங்களே"ன்னார்.

அந்த ராத்திரி தூக்கம் வரல. நேரக் கணக்கையும் சம்பளக் கணக்கையும் இணைக்கிற இந்த வேலையை எனக்கு முன்னாடி செஞ்சவங்க எப்படிச் செஞ்சாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். கொஞ்சம் பின்னாடி போவோமா?

அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் ஊர்ல வில்லர்ட் பண்டின்னு ஒரு நகைக்கடைக்காரர் இருந்தார். தொழிலாளி ஒவ்வொருத்தருக்கும் எண் போட்ட ஒரு சாவி. வேலைக்கு வந்ததும் அதைக் கடிகாரத்துல நுழைச்சுத் திருப்பினா எண்ணும் நேரமும் காகித நாடாவுல அச்சாகும். இந்தக் கடிகாரத்துக்கு 1890-ல் காப்புரிமை கிடைத்தது. அதே 1890-ல்தான் ஹெர்மன் ஹாலரித்தோட துளை அட்டை எந்திரம் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புல எண்ணிக்கிட்டு இருந்தது. பண்டியோட கடிகாரத் தொழில் 1900-ல் இன்டர்நேஷனல் டைம் ரெக்கார்டிங் கம்பெனிக்குள் போனது. 1911-ல் அந்தக் கம்பெனியும், ஹாலரித் கம்பெனியும், தராசு செய்யுற இன்னொரு கம்பெனியும் ஒண்ணா சேர்ந்தன. 1924-ல் அதுக்கு வெச்ச பேர் ஐ.பி.எம்.!

நேரம் குறிக்கிற எந்திரமும் கணக்குப் போடுற எந்திரமும் ஒரே கூரைக்குக் கீழே வந்தாச்சு. ஆனா ரெண்டுக்கும் நடுவுல ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தார். அட்டையைப் பார்த்து, ஓவர்டைம் உண்டா, லேட்டுக்கு வெட்டா, முன்பணம் பிடிக்கணுமான்னு முடிவு பண்ணினவர் அவர்தான்.

அந்தக் குமாஸ்தா வேலையை முதன்முதலா ஒரு கம்ப்யூட்டர்கிட்ட கொடுத்தது யார் தெரியுமா? லண்டன்ல ஒரு டீக்கடை கம்பெனி. சத்தியமாங்க! ஜே. லயன்ஸ் அண்ட் கோ. தேநீர்க்கடை, கேக், ரொட்டின்னு வியாபாரம் பண்ணினவங்க. 1947-ல் அங்கிருந்து தாம்ஸன், ஸ்டாண்டிங்ஃபோர்ட்னு ரெண்டு பேர் அமெரிக்கா போய்ப் புது எலக்ட்ரானிக் எந்திரங்களைப் பார்த்தாங்க. உங்க ஊர் கேம்பிரிட்ஜிலேயே ஒண்ணு கட்டுறாங்களேன்னு அங்கே சொல்லி அனுப்பினாங்க. லயன்ஸ் கேம்பிரிட்ஜுக்கு 3,000 பவுண்டு கொடுத்து உதவினாங்க, அப்புறம் அந்த வடிவமைப்பை வெச்சுச் சொந்தமா ஒரு கம்ப்யூட்டரே கட்டினாங்க. பேர் லியோ. 1951 நவம்பர்ல பேக்கரி கணக்கு அதுல ஓடிச்சு.

சம்பளக் கணக்குக்கு மட்டும் மேலும் ரெண்டு வருஷம் ஆச்சு. கணக்குப் போடுற வேகம் பிரச்சினை இல்லை. தகவலை உள்ளே கொண்டுபோறதும் வெளியே கொண்டுவர்றதும்தான் பிரச்சினை. காந்த நாடாவை முயற்சி பண்ணி, சரிப்படாம, துளை அட்டைக்குத் திரும்பினாங்க. (எழுபது வருஷம் கழிச்சும் நம்ம பொழப்பு அதேதான் :-) )

1953 டிசம்பர்ல சம்பளக் கணக்கு தொடங்கிச்சு. ஆனா குமாஸ்தாக்களை உடனே எழுப்பி விடலை. வாரா வாரம் அவங்களும் போட்டாங்க, லியோவும் போட்டது, ரெண்டையும் ஒப்பிட்டாங்க. 1954 பிப்ரவரி 12-ல்தான் லியோவைத் தனியா நம்பினாங்க. தேர்ந்த குமாஸ்தா ஒருத்தருக்கு எட்டு நிமிஷம் பிடிச்ச கணக்கு, ஒன்றரை செகண்டுல முடிஞ்சது. எல்லோரும் இந்த ஒன்றரை செகண்டைத்தான் பேசுவாங்க. எனக்கு அந்தச் சில வார ஒப்பீடுதான் பெரிசாத் தெரியுது. ஜான் சிம்மன்ஸ், டேவிட் கேமினர் மாதிரி ஆட்கள் கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாலேயே ஆபீஸ் வேலை எப்படி நடக்குதுன்னு ஆராய்ஞ்சவங்க. எதைக் கேட்கணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

அப்புறம் 1972-ல் ஐ.பி.எம்.-ஐ விட்டு வெளியே வந்த அஞ்சு பேர் ஜெர்மனியில எஸ்.ஏ.பி.-யைத் தொடங்கினாங்க. ஒரு தடவை உள்ளிட்ட தகவல் எல்லாத் துறைக்கும் போய்ச் சேரணும்ங்கிறது இந்த வகை மென்பொருளோட ஆதாரக் கொள்கை. பின்னால அதுல கேட்ஸ்னு ஒரு டைம் ஷீட் பகுதி வந்தது. ஒரு எட்டு மணி நேரத்தை ஒரு தடவை அடிச்சா, அதுவே சம்பளத்துக்கும் போகும், புராஜெக்ட் செலவுக்கும் போகும், மெஷின் பராமரிப்புக் கணக்குக்கும் போகும். அப்போ ஒரு தப்பு அடிச்சா? அதுவும் அத்தனை இடத்துக்கும் போகும்.

அப்படிப் போனதுக்குப் பெரிய சாட்சி ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறை. ஷிஃப்ட் பட்டியலுக்கு வொர்க்பிரெய்ன், சம்பளத்துக்கு எஸ்.ஏ.பி., ரெண்டையும் இணைக்கிற வேலை. 2007 டிசம்பர்ல ஒப்பந்தம் ஐ.பி.எம்.-க்குப் போச்சு. ஆமா, அதே ஐ.பி.எம். 2010 மார்ச் 14-ல் திறந்தாங்க. சுமார் 78,000 ஊழியர்கள். நர்சுகள்ல சிலருக்குக் குறைச்சு வந்தது, சிலருக்குக் கூடுதலா வந்தது, சிலருக்குச் சம்பளமே வரல. படிகளும் விதிகளும் சேர்ந்து 24,000-க்கும் மேற்பட்ட விதமா சம்பளம் கணக்கிட வேண்டியிருந்த இடம் அது. பழைய முறையையும் புதியதையும் எல்லா ஊழியருக்கும் முழுசா இணையா ஓட்டிப் பார்க்காமலே திறந்துட்டாங்க. 2013-ல் விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தப்போ, எல்லாம் சேர்த்துச் செலவு 120 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல போகும்னு மதிப்பிட்டிருந்தாங்க. கட்டினவங்களை மட்டும் இல்லை, தனக்கு என்ன வேணும்னு தெளிவாச் சொல்லாத அரசுத் தரப்பையும் அறிக்கை விடலை. இதுல வேடிக்கை என்னன்னா, தானா ஓடவேண்டிய அந்தச் சம்பளத்தைப் போட ஆயிரம் பேர் அளவுக்கு ஆள் வேண்டியிருந்தது. வெளியே அனுப்பின குமாஸ்தா கூட்டமாத் திரும்பி வந்தார்!

இதையெல்லாம் படிச்சப்புறம் எனக்கு ஒண்ணு புரிஞ்சது. ரெண்டு மென்பொருளை இணைக்கிறோம்னு நாம நினைக்கிறோம். நிஜத்துல நடுவுல இருந்த ஒரு மனுஷனை எடுத்துட்டு அந்த இடத்துல நிரலை வெக்கிறோம். அந்த ஆள் தலைக்குள்ளே இருக்கிற விதிகள் எந்த டேபிள்லயும் இல்லை. கேட்டாத்தான் வரும்.

அந்த மில்லுக்கு மறுபடி போனேன். மூணு நாள் டைம் ஆபீஸ்ல ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன், ஒரு நாள் ராத்திரி ஷிஃப்ட் முழுக்க. டைம் கீப்பர் சொல்லச் சொல்ல எழுதினேன். மொத்தம் பத்தொன்பது விதி. ஷிஃப்ட் மாத்தி வர்றது, ரெண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்க்கிறது, கை காய்ச்சுப் போனதால ரேகை விழாதவங்கன்னு. அப்புறம் ரெண்டு மாசம் அவர் மஸ்டர் ரோலும் என் நிரலும் பக்கத்துப் பக்கத்துல ஓடிச்சு. முதல் மாசம் பதினோரு வித்தியாசம். பத்து என் தப்பு.

பெரியவருக்குப் பிடிச்ச பன்னெண்டு நாள் சம்பளம் அந்த வாரமே போய்ச் சேர்ந்தது. ஆனா அந்த அஞ்சு நாளும் அவர் யார்கிட்ட கைமாத்து வாங்கினாரோ, எனக்குக் கேட்கத் தைரியம் வரல.

சரி, வெள்ளிக்கிழமை ஆகிடுச்சு. மெயில் வந்திருக்கு. டைம் ஷீட் போட்டுட்டுக் கிளம்புறேன்.