பிரேக் இல்லாத இரண்டு சைக்கிள்கள்

1885-இல் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிளில் பெடலும் பின்சக்கரமும் சேர்ந்தே சுற்றின. மிதியை அடக்கினால் வேகம் குறையும். காலும் ஒரு பிரேக். மிதிக்காமலே உருளவிடும் ஃப்ரீவீல் வந்ததும் காலுக்கு அந்தப் பிடி போயிற்று.

வெலோட்ரோமில் இன்றும் பழைய ஏற்பாடுதான். 2017 ஏப்ரலில் அஸிசுல்ஹாஸ்னி அவாங் கெய்ரின் உலகப் பட்டம் வென்றது அப்படியொரு பிரேக்கில்லாத சைக்கிளில். அதே ஆண்டு பிப்ரவரி 18 அதிகாலை, ஜொகூர் பாருவில் பாசிக்கால் லாஜாக் ஓட்டிய எட்டுச் சிறுவர்கள் கார் மோதி இறந்தார்கள். லாஜாக்கில் பொதுவாக ஃப்ரீவீல் இருக்கும், பிரேக்கைக் கழற்றிவிடுவார்கள். நிறுத்தச் செருப்புதான்.

ஃபிக்ஸியாவது காலுக்குக் கட்டுப்படும். ஆனா வெலோட்ரோமில் யாரும் குறுக்கே வருவதில்லை. நம்ம பண்டா ஹிலிரில் பெச்சாவே வரும். முன்பிரேக் இல்லாமல் அங்கே எதுவும் ஓடக்கூடாது.

பையன்களைத் திட்டுறது ஈஸி. நீலாய் வெலோட்ரோம் இங்கிருந்து காரில் ஒரு மணி நேரம். கார் இல்லாத வீட்டுப் பிள்ளை எப்படிப் போவான்?