'ஒண்ணும் பண்ணாது, உள்ள வாங்க!' - டெலிவரி ஊழியரை வளர்ப்பு நாய் கடித்தால் யார் பொறுப்பு?

கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு டெலிவரி ஊழியர் பெல் அடிக்கிறார். உள்ளே இருந்து நாய் குரைத்துக்கொண்டே பாய்ந்து வருகிறது. பால்கனியில் நிற்கும் வீட்டுக்காரர் சொல்கிறார்: "ஒண்ணும் பண்ணாது, உள்ள வாங்க!"

உணவு, மளிகை, கூரியர், தபால், கேஸ் சிலிண்டர், தண்ணீர் கேன் என வீடு வீடாக ஏறி இறங்குபவர்கள் எல்லோரும் கேட்டுப் பழகிய வார்த்தைகள் இவை. வளர்ப்பவருக்கு அது வீட்டுப் பிள்ளை மாதிரி. வாசலில் நிற்பவருக்கோ அது முதல்முறையாகப் பார்க்கும் நாய்.

நாய் ஏன் டெலிவரி ஊழியர்களைக் கண்டால் பாய்கிறது? கடித்துவிட்டால் சட்டப்படி யார் பொறுப்பு? வளர்ப்பவர்கள் என்ன செய்யணும்? விரிவாகப் பார்க்கலாம்.

ஹைதராபாத்தில் நடந்தது என்ன?

2023 ஜனவரி. ஹைதராபாத் பஞ்சாரா ஹில்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்கு உணவு கொண்டு போனார் ஒரு டெலிவரி இளைஞர். அந்த வீட்டின் ஜெர்மன் ஷெப்பர்ட் நாய் அவர் மீது பாய வந்தது. பயந்து ஓடியவர் மாடியில் இருந்து கீழே விழுந்தார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டும் சில நாட்களில் உயிரிழந்தார். நாயின் உரிமையாளர் மீது போலீஸ் வழக்குப் பதிவு செய்தது.

அதே ஆண்டு மே மாதம், அதே நகரின் மணிகொண்டா பகுதியில் மெத்தை டெலிவரி செய்யப் போன இன்னோர் ஊழியர், டாபர்மேன் நாய்க்குப் பயந்து மூன்றாவது மாடியில் இருந்து குதித்துப் படுகாயம் அடைந்தார்.

இரண்டு சம்பவங்களிலும் பெரிய பாதிப்புக்குக் காரணம் கடி அல்ல, மாடியில் இருந்து விழுந்ததுதான். நாய் கடித்தால்தான் ஆபத்து என்றில்லை. துரத்தினாலே போதும், ஓர் உயிர் போகலாம்.

டெலிவரி ஊழியரை மட்டும் ஏன் குறிவைக்கிறது?

நாய் எல்லை பார்க்கும் விலங்கு. வீடு, வாசல், படிக்கட்டு, சில நேரம் வீட்டு முன்னால் இருக்கும் தெரு வரைக்கும் தன்னுடைய இடம் என்றே அது நினைக்கும். அந்த இடத்துக்குள் அறிமுகம் இல்லாத ஒருவர் வந்தால் எச்சரிப்பது அதன் இயல்பு.

டெலிவரி ஊழியரின் விஷயத்தில் இன்னொன்றும் சேர்கிறது. அவர் வருகிறார், நாய் குரைக்கிறது, பொருளைக் கொடுத்துவிட்டு அவர் போய்விடுகிறார். அவர் போனது வேலை முடிந்ததால். ஆனால், 'நான் குரைத்ததால்தான் ஓடிப்போனான்' என்று நாய் எடுத்துக்கொள்கிறது. தினமும் இது நடந்தால், நாளுக்கு நாள் குரைப்பு வேகம் எடுக்கும். தபால்காரருக்கும் நாய்க்கும் காலம் காலமாக ஆகாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹெல்மெட்டால் மறைந்த முகம், முதுகில் பெரிய பை, மழைக்கோட்டு, அவசர நடை, திடீர் பெல் சத்தம்... எல்லாமே நாய்க்கு வித்தியாசமாகப் படும். போதாக்குறைக்கு, பார்சலை நீட்டும்போது அவர் கை வீட்டுக்காரரை நோக்கி நீள்கிறது. அந்த நொடியில்தான் பல நாய்கள் பாய்கின்றன.

'குரைக்கிற நாய் கடிக்காது' உண்மையா?

பழமொழியை நம்பி கேட்டைத் திறக்காதீங்க. குரைக்கிற நாயும் கடிக்கும். குரைப்பது, உறுமுவது எல்லாமே 'கிட்ட வராதே' என்று நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அதையும் மீறி நெருங்கினால் அடுத்தது பல்தான்.

வாலை ஆட்டினால் பாசமாக இருக்கிறது என்பதும் முழு உண்மை இல்லை. உடம்பு விறைப்பாக, பார்வை ஒரே இடத்தில் நிலைத்து, வால் மட்டும் மேலே தூக்கி வேகமாக ஆடினால் நாய் பதற்றத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டு ஆட்களிடம் பூனைக்குட்டி போல இருக்கும் நாய் வெளியாட்களிடமும் அப்படியே இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ, படுகாயமோ ஏற்படாமல் இருக்கத் தேவையான முன்னெச்சரிக்கையைத் தெரிந்தே எடுக்காமல் விட்டாலோ, அலட்சியமாக இருந்தாலோ அது குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289-வது பிரிவில் இந்த அபராதம் 1,000 ரூபாயாகத்தான் இருந்தது.

அலட்சியத்தால் மரணம் ஏற்பட்டால் 106-வது பிரிவு வரும். இதில் 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்க முடியும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 291-வது பிரிவு தெரு, பூங்கா, வீடு என்று இடம் பிரித்துப் பேசவில்லை. 'என் காம்பவுண்டுக்குள்ளதானே கடிச்சது' என்று சொல்லி யாரும் நழுவிவிட முடியாது. அதிலும் டெலிவரி ஊழியர் அத்துமீறி நுழைந்தவர் அல்ல. ஆர்டர் போட்டு அவரை வரவழைத்ததே வீட்டுக்காரர்தான்.

குற்ற வழக்கு ஒருபுறம் இருக்க, சிகிச்சைச் செலவு, வருமான இழப்புக்காக சிவில் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்டும் வழக்குத் தொடரலாம். அந்த நாய் ஏற்கெனவே யாரையாவது கடித்திருக்கிறது, அது உரிமையாளருக்கும் தெரியும் என்றால் அவர் தரப்பு இன்னும் பலவீனமாகும்.

'நாய்கள் ஜாக்கிரதை' போர்டு போதுமா?

போதாது. போர்டு வைப்பது நல்லதுதான். ஆனால் அது எச்சரிக்கை மட்டுமே. கேட்டைத் தாழ்ப்பாள் போடாமல் நாயை அவிழ்த்துவிட்டு, போர்டைக் காட்டி பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. இன்னும் சொல்லப்போனால், நாயால் ஆபத்து வரலாம் என்று உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதற்கே அந்த போர்டு சாட்சியாகிவிடக்கூடும்.

அப்போ, எந்நேரமும் கட்டிப்போட்டால் சரியா?

அதுவும் தவறு. நாயை நியாயமற்ற நேரத்துக்கு, மிகக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் கட்டிவைப்பது 1960-ம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வழக்கமாகக் கட்டிப்போட்டோ, அடைத்தோ வளர்க்கும் நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பதையும் இதே சட்டத்தின் 11-வது பிரிவு தனியாகக் குறிப்பிட்டுத் தடுக்கிறது. நாள் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாய்க்கு எரிச்சலும் மூர்க்கமும் கூடும் என்பதால், இது ஊழியர்களின் பாதுகாப்புக்கும் நல்லதல்ல.

வளர்ப்பவர்கள் செய்ய வேண்டியவை

* ஆர்டர் போட்டதும் நாயை வேறு அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். பெல் அடித்த பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருக்க வேண்டாம்.
* டெலிவரி செயலியில் குறிப்பு எழுதும் இடத்தில் 'வீட்டில் நாய் இருக்கு, கேட்டுக்கு வெளியே இருந்து போன் பண்ணுங்க' என்று எழுதிவிடுங்கள்.
* நாயை ஒரு கையில் பிடித்தபடி மறு கையால் பார்சல் வாங்காதீர்கள். நீங்களே வெளியே போய், கேட்டைச் சாத்திவிட்டு வாங்குங்கள்.
* பால் பாக்கெட்டுக்காகக் கேட்டில் பை மாட்டுவதும், மாடியில் இருந்து கயிறு கட்டிக் கூடை இறக்குவதும் நமக்குப் புதிதல்ல. பார்சலுக்கும் அதே வழி போதும்.
* கேட் தாழ்ப்பாளை நாய் தட்டித் திறக்க முடியாதபடி அமையுங்கள். கம்பி இடைவெளி வழியாக நாயின் வாய் வெளியே வராதபடி வலை அடியுங்கள்.
* சிறுவர்களை நாயைப் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கதவைத் திறக்காதீர்கள்.
* குட்டியாக இருக்கும்போதே வெளியாட்களிடம் பழக்குங்கள். பெல் அடித்தால் தன் படுக்கைக்குப் போய் உட்காரப் பயிற்சி கொடுங்கள்.
* வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு என்கின்றன 2023-ம் ஆண்டின் விலங்கு இனக் கட்டுப்பாட்டு விதிகள். சென்னை மாநகராட்சிப் பகுதியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெறுவதும் கட்டாயம்.

டெலிவரி ஊழியர்கள் என்ன செய்யலாம்?

* கேட்டைத் திறக்கும் முன் தட்டிச் சத்தம் கொடுத்துப் பாருங்கள். நாய் இருப்பது தெரிந்தால் வெளியே நின்றே போன் செய்யுங்கள்.
* கேட் கம்பிக்குள் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறக்காதீர்கள்.
* நாய் ஓடி வந்தால் ஓடாதீர்கள், கத்தாதீர்கள். ஓடினால் துரத்தும். பக்கவாட்டில் திரும்பி, கண்ணைப் பார்க்காமல் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள்.
* டெலிவரி பையை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடியுங்கள்.
* கீழே விழுந்துவிட்டால் உடலைச் சுருட்டி, கைகளால் கழுத்தையும் முகத்தையும் மூடிக்கொள்ளுங்கள்.

கடித்துவிட்டால் உடனே என்ன செய்யணும்?

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப்பொடி, காபித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. பிறகு தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

'எங்க நாய்க்கு ஊசி போட்டாச்சு' என்று உரிமையாளர் சொன்னாலும் மருத்துவரைப் பார்க்காமல் விடாதீர்கள். ரேபிஸ் அறிகுறிகள் தெரிய ஆரம்பித்துவிட்டால் கிட்டத்தட்ட எல்லோருக்குமே மரணம்தான் முடிவு. தோலில் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் நான்கு தவணையாகப் போடப்படும். ரத்தம் வரும் அளவுக்குக் கடி இருந்தால், காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்த வேண்டியிருக்கும். இரண்டாவது ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது.

காயத்தையும் இடத்தையும் போட்டோ எடுத்துவையுங்கள். உரிமையாளரின் முகவரி, நாயின் தடுப்பூசி அட்டை, மருத்துவமனைச் சீட்டு, ஆர்டர் விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 112-க்கு அழைக்கலாம் அல்லது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். செயலியிலும் பதிவு செய்யுங்கள். அடுத்து அந்த வீட்டுக்குப் போகப்போகிறவருக்கு அது உதவும்.

ஊசி இலவசம், அந்த நாள் வருமானம்?

அரசு மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசமாகக் கிடைக்கும். ஆனால், ஒவ்வொரு ஆர்டருக்கும் காசு என்று ஓடுபவருக்கு ஊசி போடப் போகும் நேரம் வருமானம் இல்லாத நேரம். காலில் கடி என்றால் பைக் ஓட்டவே சில நாட்கள் ஆகும்.

அமெரிக்க தபால் துறையில் 2024-ல் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் நாய்த் தாக்குதலுக்கு ஆளானார்கள். அங்கே நாயை அடக்கிவைக்காத வீட்டுக்குத் தபால் விநியோகத்தையே நிறுத்திவைக்க முடியும். இங்கே, ரேட்டிங் குறையுமோ, வாடிக்கையாளர் புகார் கொடுப்பாரோ என்ற பயத்தில்தான் பலர் கேட்டைத் திறக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கு 2023-ல் தனி நலவாரியம் அமைக்கப்பட்டது. மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. நிறுவனங்கள் தங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவிகிதத்தை இந்தத் தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிதிக்குத் தர வேண்டும் என்கிறது அது. நலவாரியத்தில் இதுவரை பதிவு செய்யாத ஊழியர்கள் பதிவு செய்துகொள்வது நல்லது.

வாசலைக் காப்பது நாயின் இயல்பு. வாசல் வரை வருவது ஊழியரின் வேலை. இந்த இருவருக்கும் நடுவில் இருக்கும் கதவைச் சாத்த வேண்டியவர் ஆர்டர் போட்டவர் மட்டுமே. அடுத்த முறை செயலியில் 'டெலிவரி பார்ட்னர் அருகில் வந்துவிட்டார்' என்று காட்டினால், முதலில் நாய் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.